செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: எம்1009 டீசல் வண்டியில் கோளாறு தேடிய வரிசை

அமெரிக்க ராணுவத்துக்காக 1980-களின் நடுவில் செவ்ரொலே பிளேசரை அடிப்படையாக வைத்துச் செய்த சி.யூ.சி.வி. வரிசை வண்டி எம்1009. உள்ளே 6.2 லிட்டர் வி8 டீசல் இன்ஜின். நீண்ட காலம் நிறுத்தி வைத்த ஒரு வண்டியில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை. அதைக் கிளப்பிய வரிசையை அப்படியே தருகிறோம். அதே இன்ஜினும், இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் டிபி2 டீசல் பம்பும் கொண்ட எம்1008 பிக்கப்புக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்சர் குழாயைப் பார்ப்பது. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. அப்போது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக், சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) இவற்றில் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. இதைப் பார்க்காமலே எட்டு ஹீட்டர் பிளக்கையும் புதிதாக வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. காசும் நாளும் போவதுதான் மிச்சம்.

இந்த வண்டியில் புகை துளியும் இல்லை.

டீசல் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். செல்ஃபுக்கு 24 வோல்ட், வண்டியின் மற்ற பெரும்பாலான வேலைக்கு 12 வோல்ட். மொத்தமாக அளந்து 24 காட்டினால் போதாது. ஒவ்வொன்றையும் தனியாக, செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எதுவும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12 வோல்ட் பக்கத்தைத் தாங்குவது எர்த்தோடு சேர்ந்த பேட்டரி. அது தளர்ந்தால், செல்ஃப் ஓரளவு சுற்றினாலும் டீசல் பம்புக்குள் டீசலைத் திறந்து மூடும் மின்காந்த அமைப்பான ஷட்-ஆஃப் சொலினாய்டுக்குப் போதுமான வோல்ட் கிடைக்காது. குளிர்ந்த இன்ஜின் நிமிடத்துக்கு 100 சுற்றாவது சுற்ற வேண்டும். அதற்குக் குறைந்தால் மற்ற சோதனைகள் எதையும் நம்ப முடியாது.

அடுத்து அந்தச் சொலினாய்டு. பம்பின் மேல் மூடியில் பிங்க் ஒயர் போகும் முனைதான் அது. சாவியை ரன் நிலையில் வைத்து, ஒயரைக் கழற்றித் திரும்பத் தொட்டால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், சோதனைக்காக 12 வோல்ட் முனையிலிருந்து தனி ஒயர் கொடுக்கலாம். தவறி 24 வோல்ட் முனையிலிருந்து கொடுத்துவிடாதீர்கள், சொலினாய்டு கருகிவிடும். பக்கத்தில் உள்ள பச்சை ஒயர் குளிர்நேர அட்வான்சுக்கானது, அதாவது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டீசலைச் சற்று முன்னதாகப் பீய்ச்ச வைப்பது. அது வேலை செய்யாததால் மட்டும் வண்டி கிளம்பாமல் போகாது.

இங்கே 'டிக்' கேட்டது. ஆகவே டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டியதாயிற்று. டேங்கிலிருந்து இழுப்பது இன்ஜின் பிளாக்கின் வலப்பக்கத்தில் உள்ள மெக்கானிக்கல் ஃபீட் பம்ப். அதன் வெளிக்குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு 15 விநாடி சுற்றினால் கால் லிட்டர் அளவுக்கு டீசல் வர வேண்டும். பாட்டிலில் அளவு சரியாக இருந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். ஃபில்டருக்கும் டீசல் பம்புக்கும் நடுவே கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டியில் அளவு சரியாக இருந்தது, ஆனால் குழாயில் குமிழி ஓடியது. டேங்க் பக்கம் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. இழுக்கும் பக்கத்துக் குழாய் என்பதால் வெளியே டீசல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவு தெரியவில்லை என்று அந்த ஹோஸைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஹோஸ் மாற்றியபின் ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) பிங்க் ஒயரைக் கழற்றி வையுங்கள். இன்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் இருக்கும் சதுர ஃபில்டரின் ஏர் வால்வைத் திறந்து, 10 விநாடி சுற்றி, ஒரு நிமிடமாவது செல்ஃபை ஆறவிட்டு, குமிழியில்லாத டீசல் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு வால்வை மூடி, ஒயரை மாட்டி, மூன்று நான்கு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்ற வேண்டும். நட்டில் டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்கிவிடலாம். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நட்டுகள் காய்ந்தே இருந்தன. சுத்தமான டீசல் உள்ள கேனை உயரத்தில் தொங்கவிட்டு நேராகப் பம்புக்குக் கொடுத்தும் அதே கதி. அப்படியானால் கோளாறு பம்புக்குள்.

டிபி2 பம்பில் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எடைகளைத் தாங்கும் கூண்டில் ஒரு ரப்பர் வகை வளையம் உண்டு. வயதானால் அது பொடிந்து கருந்துகளாகி, பம்பின் மேல் உள்ள, மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் முனைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அந்த முனைக்குள் சின்னக் கண்ணாடிக் குண்டு ஒன்று இருக்கும். துகளுக்கு அந்த இடமே போதும். ரிட்டர்ன் அடைபட்டால் பம்ப் உறைக்குள் அழுத்தம் ஏறி, இன்ஜெக்டருக்கு டீசல் போவது நின்றுவிடும். முனையைக் கழற்றினால் கறுப்புத் துகள் கண்ணுக்கே தெரியும். அதைச் சுத்தம் செய்து மாட்டியதும் நட்டுகளில் டீசல் வந்தது. இது தற்காலிக வழிதான், துகள் மறுபடி வரும். பம்பை இறக்கிப் புது வகை வளையம் போடுவதே நிலையான தீர்வு. அடைப்பு வராமலிருக்க அந்தக் குண்டையே எடுத்துவிடுவதை நாங்கள் ஒப்பமாட்டோம், உறை அழுத்தம் மாறி டைமிங் அட்வான்சும் மாறிவிடும்.

இப்போது வெள்ளைப் புகை வந்தது, இன்ஜின் பிடிக்கப் பார்த்து விட்டுவிட்டது. இனித்தான் ஹீட்டர் பிளக்குக்கு முறை. டேஷ்போர்டின் 'வெயிட்' விளக்கு எரிவதை வைத்துப் பிளக் சூடாகிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் கழற்றி, 12 வோல்ட் பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். லாம்ப் எரியாவிட்டால் அந்தப் பிளக் போயிற்று. இங்கே பாதிக்கு மேல் எரியவில்லை.

இவை கூட்டமாகப் போவதற்குக் காரணம் உண்டு. இவை 12 வோல்ட் பிளக்குகள், ஆனால் மின்சாரம் 24 வோல்ட்டிலிருந்து ஃபயர்வாலில் உள்ள ரெசிஸ்டர் வழியாக வருகிறது. எட்டும் இழுக்கும்போது ரெசிஸ்டரில் ஏறத்தாழ 12 வோல்ட் இறங்கும். இரண்டு போய்விட்டால் மின்னோட்டம் குறையும், ரெசிஸ்டரில் இறங்கும் வோல்ட்டும் குறையும், மிச்சப் பிளக்குகளுக்கு வோல்ட் கூடும். ஒன்று போகப் போக அடுத்தது இன்னும் சீக்கிரம் போகும். எனவே ரெசிஸ்டரை விலக்கி, பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்கான மின்சாரத்தை 12 வோல்ட் முனையிலிருந்து எடுத்தோம். கழற்றிய 24 வோல்ட் ஒயரின் முனையை நன்றாக மூடிக் கட்ட வேண்டும்.

கருகிய பிளக்கின் நுனி உப்பியிருக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் முறிந்து, டீசல் முதலில் எரியும் சின்ன முன்-அறைக்குள் விழும். அப்புறம் இன்ஜெக்டரைக் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். புதிதாகப் போட, நுனி உப்பாத 60ஜி வகை நல்லது. பொறுமையிழந்து ஈதர் ஸ்ப்ரே அடிப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறோம், வேண்டாம். சூடான பிளக் உள்ள இன்ஜினில் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

பிளக்குகள் எல்லாம் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன் பாருங்கள். 380 பி.எஸ்.ஐ.க்குக் குறையக் கூடாது, மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 80 சதவீதமாவது காட்ட வேண்டும்.

இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை, பிளக் மாற்றியதும் கிளம்பிவிட்டது. ஓடத் தொடங்கியபின் மீட்டரை ரிலேயின் வெளிமுனையில் வைத்து, சிறிது நேரத்தில் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உடனே வண்டியை நிறுத்தி, பேட்டரி எர்த்தைக் கழற்றி, ரிலேயை மாற்றிய பிறகே திரும்ப ஓட்ட வேண்டும்.