"அவருதான் முதல்ல ஆரம்பிச்சார்": சேலம் மனநல ஓ.பி. நாட்குறிப்பு

ஜூன் 2

ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள் பலவும் சொல்வது, "யாரையோ நெனச்சுட்டு இருக்கா, ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா சரியாயிடும்." கல்யாணத்தால் இது தீராது, இன்னொரு குடும்பமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தன்னை ஒருவர் காதலிக்கிறார் என்ற பிரமை இது. ஆள் பெரும்பாலும் எட்டாத இடத்தில் இருப்பார்: எஸ்டேட் முதலாளி, பேங்க் மேனேஜர், டி.வி.யில் வருபவர். நேரில் ஒரு வார்த்தை பேசியிருக்கக்கூட மாட்டார். 1921-இல் பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ இதைத் தனியாக எடுத்து எழுதினார். ஆண்களுக்கும் வரும், வாசலில் போய் நிற்பது, போலீஸ் வரை போவதெல்லாம் அவர்களிடம்தான் அதிகம்.

ஜூன் 5

"அவர் உங்களை விரும்பலையே" என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. "அவர் விரும்புறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்க வேண்டும். ஜீப் ஹாரன், அவர் போட்ட சட்டையின் நிறம், எல்லாமே தனக்கான சைகை என்பார்கள். காதில் குரல், கோர்வையற்ற பேச்சு, குளியல் சாப்பாடு விட்டுப்போதல் சேர்ந்திருந்தால் மனச்சிதைவைப் பார்க்க வேண்டும். தூக்கமின்றிப் பேச்சும் செலவும் எகிறினால் பைபோலார், அதாவது மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோயைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

காதலிப்பதாக நம்பப்படும் மனிதரையே வீட்டார் கூட்டி வந்து "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்ல வைக்கிறார்கள். "பக்கத்துல பொண்டாட்டி நின்னா வேற என்ன சொல்லுவார்?" என்று பதில் வரும். மறுப்பே சாட்சியாகிவிடும். திட்டி அனுப்பும் மெசேஜும் ஒரு பதில்தான். எனவே அவரிடமிருந்து ஒரே ஒரு முறை, எழுத்தில், தெளிவாக மறுப்பு. பிறகு முழு மௌனம். அவருக்கு வந்த மெசேஜ்களை அழிக்கக் கூடாது. வீட்டார் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம்.

ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, குறுக்கே நிற்பதாக நம்பப்படும் மனைவிக்கும் உண்டு. "ஏமாத்திட்டான்" என்ற பேச்சு வந்துவிட்டால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கலாகாது. 2017 மனநலச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில், நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பத்தோடும், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவரின் தனித்தனிப் பரிசோதனையோடும் நோயாளியை 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க வழியுண்டு. இரவில் யோசனை கேட்க அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், 14416.

ஜூன் 12

பிரமையைத் தணிக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை வழக்கமாக 2 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 4 முதல் 6 வரை. முதலில் தூக்கம் வரும், படபடப்பு அடங்கும்; நம்பிக்கை தளர வாரக்கணக்காகும். பத்தாம் நாளே "இன்னும் அவர் பேரத்தான் சொல்றா" என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், தலா ஆறு வாரமாவது கொடுத்தும் அசையாவிட்டால் க்ளோஸபின். அது ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் அவற்றின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். தோட்ட வேலைக்காரருக்கு ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரை தவறுகிறவர்களுக்கு ப்ளூபெனசின் ஊசி: சோதனையாக 12.5 மி.கி., ஒத்துக்கொண்டால் 25, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

ஜூன் 13

ரிஸ்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றும். மாதவிடாய் தள்ளிப்போகலாம், சிலருக்கு மார்பில் பால் கசியும். இந்தப் பிரமை உள்ள பெண்ணுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: அவர் குழந்தை வயிற்றில். மருந்து எழுதும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போனால் முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை. பிரமை என்று தள்ளிவிட முடியாது, இவர்களின் நிலையைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. கர்ப்பம் இல்லையென்றால் புரோலாக்டின் அளவு பார்த்து, புரோலாக்டினை ஏற்றாத அரிபிபிரசோல் மருந்துக்கு மாற்றுவதை யோசிக்கலாம்.