அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஆர்ஏ சொன்ன பழைய முகவரி

ஏப்ரல் 16, 2024, செவ்வாய்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ். சித்திரைத் திருவிழாவுக்கு ரூமெல்லாம் புக் ஆகிவிட்டது, அதற்குள் வைஃபை சரியாகணும் என்று முதலாளி அண்ணன் பிடிவாதம். குறை பழையதுதான். இன்டர்நெட் லைன் கொடுப்பவர், பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் ஒரே முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டுத் தருகிறார். யாரோ எங்கோ செய்த சேட்டைக்கு நம்ம லாட்ஜில் தங்குகிறவர்கள் ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதே லைனில் புது முறையான ஐபிவி6-இல் /56 என்ற பெரிய முகவரித் தொகுப்பு முழுசாக வருகிறது, அதை வலையமைப்புக்கு ஒன்றாக /64 என்ற 256 துண்டாக வெட்டலாம். இதுவரை யாரும் சீண்டவே இல்லை.

லைனுக்கும் லாட்ஜுக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால் பெட்டியில் விருந்தினர் வைஃபை பக்கத்துக்கு மட்டும் ஒரு /64 போட்டேன். சிசிடிவி, ஆபீஸ் இரண்டையும் தொடவில்லை. ‘இங்கே முகவரி இப்படித்தான் தொடங்கும்’ என்று அந்தப் பெட்டி போன்களுக்குச் சொல்லும் அறிவிப்புதான் ரௌட்டர் அட்வர்டைஸ்மென்ட், சுருக்கமாக ஆர்ஏ. அதன் பக்கத்தில் ‘மேனேஜ்டு’ என்று வைத்தேன். எந்த ரூம் எந்த முகவரி வாங்கியது என்று, கேட்பவர்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியின் பட்டியலில் பார்க்கலாமே என்ற ஆசை.

ஏப்ரல் 17, புதன்

ஆசை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. ரிசப்ஷன் பையனின் ஐபோனுக்கு ஐபிவி6 கிடைத்திருக்கிறது, என் ஆண்ட்ராய்டுக்கு இல்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்து தொலைத்தேன். ‘மேனேஜ்டு’ என்றால் ஆர்ஏ பாக்கெட்டில் எம் என்ற குறி, அதாவது கொடி, ஏறும்; முன்னொட்டின் (முகவரியின் முன்பகுதி) ஏ கொடி இறங்கும். அதாவது ‘முகவரியை நீயாகப் போட்டுக்கொள்ளாதே, டிஹெச்சிபியிடம் போய்க் கேள்’. ஆண்ட்ராய்டு அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை.

போனே முகவரி போட்டுக்கொள்ளும் ‘அன்மேனேஜ்டு’க்கு மாற்றினேன். தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் எங்கே என்பதையும் ஆர்ஏவிலேயே சேர்த்துவிட்டேன். லேப்டாப்பில் ஆர்ஏவின் அடையாள எண்ணான ஐசிஎம்பிவி6 டைப் 134 மட்டும் வடிகட்டிப் பார்த்தால் பாக்கெட் ஒழுங்காக வருகிறது. போனை வைஃபையிலிருந்து எடுத்து மறுபடி இணைத்ததும் அது ‘ஆர்ஏ தா’ என்ற டைப் 133 அனுப்பிக் கேட்கிறது, உடனே பதில்.

கிளம்பும்போது ஒரு வேலை பார்த்தேன். முகவரியின் ஆயுளைக் குறிக்கும் லைஃப்டைம் கட்டங்களில் இருந்த எண்கள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன. இணைய விதி ஏடான ஆர்எஃப்சி 4861-இல் உள்ள இயல்பு எண்களையே அடித்தேன்: ப்ரிஃபர்டு (புது இணைப்புக்கு முகவரியை எடுக்கலாம் என்ற கெடு) 604800 விநாடி, வேலிடு (முகவரியே செல்லும் கெடு) 2592000. ஏழு நாள், முப்பது நாள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாச்சு. லாட்ஜிலிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். வீட்டில் அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் லாட்ஜ் பக்கம் எட்டிப்பார்த்தேன், எல்லாம் ஓடுகிறது. அண்ணன் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் காப்பி வாங்கிக் கொடுத்தாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

விடியக்காலம் ஆழ்வார்புரத்தில் கூட்டத்தோடு நின்று அழகரைப் பார்த்துவிட்டுக் கரையேறினால் போனில் ஒன்பது மிஸ்டு கால்.

“தம்பி, சிலது வருது, சிலது சுத்திக்கிட்டே நிக்கிது. மூணாவது மாடியே கீழ எறங்கி வந்துருச்சு. அழகர் வீடியோவ ஊருக்கு அனுப்ப முடியலையாம்.”

தண்ணி பீய்ச்சி நனைந்த சட்டையோடே போனேன். ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் வருவதற்குள் ஃபயர்வால் அணைந்து எழுந்திருக்கிறது. லைன் மறுபடி இணைந்தபோது வேறு /56 வந்துவிட்டது. ஃபயர்வால் புது முன்னொட்டை அறிவித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் பழையது செல்லாது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒழுங்காக நிறுத்தினால் போகிற போக்கில் ஒரு கடைசி ஆர்ஏ அனுப்பியிருக்கும். பொசுக்கென்று கரண்ட் போனால் எங்கே சொல்ல?

மூணாவது மாடிப் படியில் உட்கார்ந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். ஐபிவி6 முகவரிகள் இரண்டு வகை: முதல் இரண்டு தொகுதி ஒன்றுபோல, மூன்றாவதில் மாறுகிறது. பழசுக்கு இன்னும் ஏழு நாள் கெடு இருப்பதால் போனுக்கு இரண்டும் சமம். போகிற இடத்தைப் பொறுத்து எதையாவது ஒன்றை எடுக்கிறது. புதுசை எடுத்தால் பக்கம் வருகிறது. பழசை எடுத்தால் பதில் நம் வாசலுக்கு வராது. ‘சிலது வருது, சிலது நிக்கிது’ என்பதற்கு இதுதான் அர்த்தம்.

அண்ணனிடம் சொன்னேன். “அப்ப ரூம் காலி பண்ணுனவன் சாவியக் குடுக்காமப் போன மாதிரியா?”

“இல்லண்ணே. நாமதான் முப்பது நாளைக்கு ரசீது போட்டுக் குடுத்துட்டு, ராத்திரியோட ராத்திரியா கட்டடத்தையே மாத்திட்டோம்.”

ஐபிவி6-ஐ அணைத்துவிடச் சொன்னார். அப்படி அணைத்தாலும் போன்களில் பழைய முகவரி அப்படியே கிடக்கும், அதனால் வேறு வழி பார்த்தேன். பழைய முன்னொட்டை ஆர்ஏவில் கையால் சேர்த்து, ப்ரிஃபர்டு 0, வேலிடு 7200 என்று அனுப்பினேன். ப்ரிஃபர்டு 0 என்றால் ‘இதில் புதுசாக எதையும் தொடங்காதே’. வேலிடையும் 0 ஆக்கலாமே என்று தோன்றும், போன் கேட்காது. கெடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதற்குக் கீழே இறக்க விடாது என்பது ஆர்எஃப்சி 4862-இன் விதி. இல்லாவிட்டால் வைஃபைக்குள் வந்த எவனும் ஒரு பொய் ஆர்ஏ விட்டு எல்லார் முகவரியையும் காலி பண்ணிவிடலாம்.

அடுத்த ஆர்ஏ போனதும் அந்த அம்மாவின் வீடியோ போய்விட்டது. அரை டிக்கெட் ஒன்று படியில் என் லேப்டாப் மேல் ஜிகர்தண்டாவைக் கொட்டப் பார்த்தது. தப்பித்தேன்.

ஏப்ரல் 24, புதன்

என் பெரிய எண்களை எடுத்துவிட்டேன். ப்ரிஃபர்டு 2700, வேலிடு 5400, அதாவது முக்கால் மணியும் ஒன்றரை மணியும். ஆர்ஏ அதிகபட்ச இடைவெளி 600 விநாடியே இருக்கட்டும். ஒவ்வொரு ஆர்ஏவும் கெடுவை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும், அதனால் சும்மா இருக்கிறவன் முகவரி தீராது. இடைவெளியை இன்னும் குறைத்தால் தூங்குகிற போன்களை எழுப்பிக்கொண்டே இருக்கும், சார்ஜ் போகும்.

யூபிஎஸ் எங்கே என்று தேடினேன். மேஜைக்கடியில் இருந்தது. டேபிள் ஃபேனும் சாமி படத்துச் சீரியல் லைட்டும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் பிடுங்கி ஃபயர்வாலையும் லைன் பெட்டியையும் சொருகினேன். சீரியல் லைட்டுக்காக அண்ணன் முகம் கோணியது.

ஏப்ரல் 27, சனி

கூட்டம் கலைந்துவிட்டது. மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து ஃபயர்வால் வயரை நானே பிடுங்கி மறுபடி சொருகினேன். எதிர்பார்த்தபடி புது முன்னொட்டு. லேப்டாப்பில் இரண்டு முகவரியையும் திறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய், இரண்டு பஜ்ஜி தின்று வந்தேன். பழசுக்குப் பக்கத்தில் ‘டெப்ரிகேட்டட்’, அதாவது புதுசாக எதற்கும் எடுக்காதே, என்று விழுந்திருந்தது.

“சரி தம்பி, அந்த முக்கா மணி நேரம்?” என்றார் அண்ணன்.

“அதுக்குத்தாண்ணே யூபிஎஸ்.”

சீரியல் லைட்டுக்கு வேறு பிளக் கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.