இரண்டு புடவை, இரண்டு தடவை ஜிஎஸ்டி: பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

"உங்கள் பார்சலுக்கு வரி கட்ட வேண்டும், கட்டியதும் டெலிவரி செய்வோம்" என்று கூரியரிடமிருந்து செய்தி வந்ததும் முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். காரணம், வரியை வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. ஊர்க் கடையிலிருந்து சிங்கப்பூருக்கு வரவழைத்த காஞ்சிபுரம் பட்டு இரண்டு, ஒவ்வொன்றும் 235 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மொத்தம் 470. அதற்கு 9% ஜிஎஸ்டி 42.30 வெள்ளி என்று ரசீதில் தனியாகவே போட்டிருக்கிறார்கள். இப்போது கூரியர் கேட்பது 45.72 வெள்ளி ஜிஎஸ்டி, அதற்கு மேல் கையாளும் கட்டணம் 21.80 வெள்ளி.

மோசடி இல்லை. செய்தியில் இருந்த இணைப்பைத் தொடாமல், கூரியரின் தளத்தை நானே தட்டச்சு செய்து திறந்து கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதே தொகை அங்கேயும் இருந்தது. நீங்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பார்சல் பெயரில் வரும் போலிச் செய்திகள் இங்கே ஏராளம். 2023 ஜனவரி கடைசியிலிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு மேலே 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்று காட்டும். அப்படிக் காட்டாவிட்டாலும் இணைப்பை அழுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

சரி, ஏன் இரண்டு தடவை? இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

2022 முடியும் வரை, விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருள் 400 வெள்ளிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சின்னப் பொருள்களுக்கும் வரி வந்தது. ஆனால் வசூலிப்பது சுங்கத்துறை இல்லை, விற்பவர். எல்லா விற்பனையாளரும் இல்லை: உலக அளவில் ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டி, சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு விற்றது 100,000 வெள்ளியையும் தாண்டியவர்கள்தான் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் பதிவு செய்து வசூலிக்க வேண்டும். பெரிய இணையச் சந்தைகள் இதில் வந்துவிடும். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் சின்னக் கடை வராது. அந்தக் கடையிலிருந்து 300 வெள்ளிக்கு வாங்கினால் எங்கேயும் ஜிஎஸ்டி இல்லை, அது முறையானதுதான்.

சிக்கல் எங்கே என்றால், விற்பவர் 400 வெள்ளி வரம்பைப் பார்ப்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக. 235 வெள்ளிப் புடவை வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே வரி வசூலிக்கிறார். சுங்கத்துறை பார்ப்பது முழுப் பெட்டியை. அதுவும் பொருளின் விலையோடு காப்புறுதி, போக்குவரத்துச் செலவு எல்லாம் சேர்த்து. என் பெட்டியில் 470 வெள்ளிப் பொருள், 38 வெள்ளி அனுப்பும் செலவு. 508 ஆகிவிட்டது. வரம்பைத் தாண்டியதும் இறக்குமதி ஜிஎஸ்டி கணக்கு தொடங்கிவிடுகிறது. 508-இல் 9% என்பது 45.72.

இப்படி ஆகும் என்று சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். விற்பவர் தன்னுடைய சிங்கப்பூர் ஜிஎஸ்டி பதிவு எண்ணையும், எந்தெந்தப் பொருளுக்கு வரி வசூலித்தாயிற்று என்பதையும் கூரியருக்குக் கொடுத்துவிட வேண்டும். கூரியர் அதைச் சுங்க அனுமதி எடுக்கும்போது பதிவு செய்வார். மறுபடியும் வரி வராது. என் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'புடவை, 2 உருப்படி, 470 வெள்ளி.' அவ்வளவுதான் இருந்தது. பதிவு எண் இல்லை, வரி கட்டியதற்கு ஒரு சொல் இல்லை. எனக்கு மின்னஞ்சலில் வந்த ரசீதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பெட்டியோடு வந்த காகிதத்தில் ஒன்றுமே இல்லை. சுங்கத்துக்குப் போவது பெட்டியோடு வரும் காகிதம்தான்.

சாங்கிப் பக்கம் இருக்கும் கூரியர் அலுவலகத்துக்கு ரசீதின் அச்சுப்படியோடு நேரில் போனது வீண். முகப்பில் இருந்தவர் ரசீதைப் பார்க்கவே இல்லை. "சுங்கத்துறையைக் கேளுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார். போக வர இரண்டரை மணி நேரம். அவர் சொல்லாமல் விட்டது இதுதான்: அனுமதி ஏற்கெனவே எடுத்தாயிற்று, வரியைக் கூரியர் முன்பணமாகக் கட்டியும் விட்டார். இனி அங்கே மாற்ற ஒன்றும் இல்லை. மாற்ற முடிந்த நேரம் அதற்கு முந்தைய ஓரிரு நாள்தான், பெட்டி இன்னும் விமானத்தில் இருந்தபோது. "உங்கள் பார்சல் புறப்பட்டுவிட்டது" என்று முதல் மின்னஞ்சல் வரும் அல்லவா, அன்றைக்கே ஜிஎஸ்டி காட்டும் ரசீதைக் கூரியருக்கு அனுப்பிவிடுங்கள். வரி கேட்டுச் செய்தி வந்தபின் அனுப்புவதால் பயன் மிகக் குறைவு.

அதற்காகப் பார்சலை வாங்காமல் நிறுத்திவைப்பதும் சரியான யோசனை இல்லை. சில நாள் கழிந்ததும் கிடங்கு வாடகை ஏறும், கடைசியில் பெட்டி ஊருக்கே திரும்பிவிடும். நான் கட்டி வாங்கிக்கொண்டேன். பிறகு விற்பவரிடம் போனேன். திரும்பக் கிடைப்பது விற்பவர் வசூலித்த 42.30 வெள்ளி. சுங்கத்துக்குக் கட்டிய 45.72 திரும்பாது. இரண்டுக்கும் இடையிலான 3.42 வெள்ளி, அனுப்பும் செலவின் மேல் விழுந்த வரி. அதைத் துரத்த வேண்டாம்.

விற்பவரின் முதல் பதில்: "சுங்கத்துறையைத் தொடர்புகொள்ளவும்." இரண்டாவது பதில் இன்னும் மோசம்: "எங்கள் விதிமுறைப்படி சுங்கத் தீர்வை வாங்குபவரின் பொறுப்பு." இங்கேதான் ஒரு சொல் வேலை செய்தது. நான் கேட்பது சுங்கத் தீர்வை இல்லவே இல்லை. சிங்கப்பூரில் துணிக்குத் தீர்வையே கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் என்ற நான்கு வகைக்குத்தான் தீர்வை. நான் கேட்பது, அவர்கள் பதிவு எண்ணின் கீழ் வசூலித்த ஜிஎஸ்டி. அதே பொருளுக்கு இறக்குமதியில் மறுபடியும் கட்டியாயிற்று, இதோ சான்று. மூன்றாவது மின்னஞ்சலில் இதை இரண்டே வாக்கியமாக எழுதி, சான்றுகளை இணைத்தேன். அதன்பிறகுதான் கணக்குப் பிரிவுக்குப் போனது. பணம் வர 26 நாள்.

இணைத்தவை: ஜிஎஸ்டி தனியாகத் தெரியும் ரசீது, கூரியரின் வரி விலைப்பட்டியல், பெட்டி மேல் இருந்த காகிதத்தின் படம், இறக்குமதி அனுமதியின் நகல். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதைக் கூரியர் தானாகத் தரமாட்டார். "பெர்மிட் நகல் வேண்டும்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். "வரி கட்டிய ரசீது" என்று கேட்டால் அவர்களுடைய சொந்த விலைப்பட்டியலையே மறுபடி அனுப்புவார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் வந்தது. கையாளும் கட்டணம் 21.80 யாரிடமிருந்தும் வரவில்லை. தவறு விற்பவருடையது என்று நினைக்கிறேன், எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

வாங்கும் முன்பே பார்க்க ஒரு வழி உண்டு. வருவாய் ஆணையத்தின் தளத்தில் ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனங்களைத் தேடும் பக்கம் இருக்கிறது. விற்பவர் வரி வசூலிக்கிறார், ஆனால் பெயர் அங்கே இல்லை என்றால் கட்ட வேண்டாம், முதலில் கேளுங்கள்.

பதிவில்லாத சின்னக் கடைகளிடம் வாங்கும்போது வேறொரு பள்ளம். புடவை 380 வெள்ளி, வரம்புக்குள் என்று நிம்மதியாக இருப்போம். அனுப்பும் செலவு 38 சேர்ந்ததும் 418. வரி கூடுதலான 18 வெள்ளிக்கு மட்டும் இல்லை, முழு 418-க்கும்: 37.62 வெள்ளி. ரூபாயில் வாங்கினால் எந்த மாற்று விகிதம் என்பதும் உண்டு. சுங்கத்துறை வாராவாரம் வெளியிடும் விகிதம்தான் கணக்கு, உங்கள் வங்கி அட்டையின் விகிதம் இல்லை. அனுப்பும் செலவும் சேர்த்து 390-ஐ நெருங்கினாலே வரம்பைத் தாண்டியதாக நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

"அன்பளிப்பு, 20 வெள்ளி என்று போட்டு அனுப்புகிறோம்" என்று விற்பவர் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது இங்கே குற்றம், ஏய்த்த வரியைப்போல் 20 மடங்கு வரை அபராதம், சிறையும் உண்டு. அன்பளிப்பு என்று போட்டாலும் 400 வெள்ளி வரம்பு அதேதான். பெட்டி தொலைந்தால் காப்புறுதியும் அந்த 20 வெள்ளிக்குத்தான்.

கொலு பொம்மை வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கூரியரில் கட்டணம் எடையை மட்டும் பார்த்து இல்லை, பருமனையும் பார்த்து. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குப் பணம். மண் பொம்மை உடையாமல் இருக்க வைக்கோல், குமிழ்த்தாள் எல்லாம் சுற்றி 60க்கு 40க்கு 40 பெட்டியில் வைத்தால் 19.2 கிலோ. தராசில் 7 கிலோதான் இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கு இதற்கு நேர் எதிர், நிஜ எடைதான் கணக்கில் வரும். பொம்மையையும் விளக்கையும் ஒரே பெட்டியில் வைத்து, விளக்கின் எடை பொம்மையின் வெற்றிடத்தை நிரப்பும்படி செய்தால் காசு மிச்சம். விளக்கை மட்டும் அடியில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நகர்ந்தால் தசாவதார செட் ஒன்று மிஞ்சாது.

பொம்மை பருமனாக இருக்கிறதே என்று கப்பலில் போடச் சொல்பவர்கள் உண்டு. 400 வெள்ளிச் சலுகை விமானத்துக்கும் அஞ்சலுக்கும் மட்டும்தான். கடல் வழியிலோ தரை வழியிலோ வந்தால் முதல் வெள்ளியிலிருந்தே ஜிஎஸ்டி, அனுமதி எடுத்துத் தரும் முகவர் கட்டணம் வேறு. 150 வெள்ளிப் பொம்மைக்கு அந்தக் கட்டணமே கப்பலில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ஒரே பெட்டியில் பலதையும் சேர்க்கும்போது ஒரு பொருள் மொத்தத்தையும் நிறுத்திவிடும். பவர் பேங்க் அப்படிப்பட்டது. கைப்பையில் எடுத்துப்போக முடிகிறதே, பார்சலில் ஏன் கூடாது என்று கேட்பார்கள். 20,000 மில்லி ஆம்பியர் என்பது 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, பயணியின் 100 வாட்-மணி வரம்புக்குள்தான். ஆனால் சரக்கு விதி வேறு. சாதனத்துக்குள் பொருத்தாத லித்தியம் அயன் பேட்டரியைப் பயணி விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. பவர் பேங்க் அந்த வகையில் வருகிறது. வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் எளிதில் தீப்பிடிக்கும் திரவ வகை. பண்டிகை நேரத்தில் அனுப்புபவர்கள் அன்பாக ஒரு செண்டு பாட்டிலைச் சொருகிவிடுவார்கள், பெட்டி சென்னைக் கிடங்கைத் தாண்டாது. என்ன வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள்.

லேகியம், சூரணம், மாத்திரை சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குள் இருக்கட்டும். மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் வேண்டாம், அளவு பார்த்து விடமாட்டார்கள், தடைதான். மது பாட்டில் வாங்கினால் 400 வெள்ளிச் சலுகை பொருந்தாது: 700 மில்லி, 40% விஸ்கிக்குத் தீர்வை மட்டும் 24.64 வெள்ளி, ஜிஎஸ்டி அதற்கும் சேர்த்து.

"ஊருக்குப் போகும்போது கையிலேயே கொண்டுவந்துவிடலாமே" என்பார்கள். 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை சலுகை, அதற்குக் குறைந்தால் 100. ஆனால் வேலை அனுமதி, மாணவர் அட்டை, சார்ந்தோர் அட்டை, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. நம்மில் பலருக்கு இது தெரியாது.

போன மாதம் அதே கடையில் மறுபடி வாங்கினேன், மூன்று புடவை. இந்தத் தடவை பெட்டியை ஒட்டும் முன் மேலே வைக்கும் காகிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு புடவைக்கும் தனி விலை, ஒவ்வொன்றுக்கும் நேராக 'சிங்கப்பூர் ஜிஎஸ்டி கட்டப்பட்டது', கீழே பதிவு எண். படத்தில் எல்லாம் இருந்தது, பதிவு எண்ணில் மட்டும் ஒரு இலக்கம் விட்டுப்போயிருந்தது. சொன்னேன், திருத்தி மறுபடி அச்சிட்டு ஒட்டினார்கள். பெட்டி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தது, கூரியரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.