விஸ்கான்சின் கணிப்புகளில் முன்னிலையைக் கடைசியாகப் பாருங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நான் முதலில் தேடிப் படிப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் கருத்துக்கணிப்புகளைத்தான். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அந்த மாநிலத்துக்கு 10 வாக்குகள் உண்டு. 2016இல் டிரம்ப் அங்கே 22,748 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2020இல் பைடன் 20,682. 2024இல் மீண்டும் டிரம்ப் 29,397. முப்பது லட்சம் பேர் வாக்களிக்கும் ஒரு மாநிலத்தில், மூன்று முறையும் வித்தியாசம் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு நெருக்கமான போட்டியில் யார் வெல்வார் என்பதை எந்தக் கணிப்பாலும் சொல்ல முடியாது என்பதைப் பலரும் வாயளவில் ஒப்புக்கொள்கிறார்கள்; ஆனால் அடுத்த கணிப்பு வந்ததும் ‘இவர் இரண்டு புள்ளி முன்னிலை’ என்ற தலைப்பைத்தான் பகிர்கிறார்கள்.

800 பேரிடம் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பின் பிழை வரம்பு, அதாவது அதன் எண் உண்மையிலிருந்து இரு பக்கமும் விலகக்கூடிய அளவு, சுமார் 3.5 புள்ளிகள். அந்த வரம்பு ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவு விழுக்காட்டுக்கும் உரியது; இருவருக்கும் இடையிலான இடைவெளிக்கு உரியது அன்று. ஒருவரின் எண் கூடும்போது பெரும்பாலும் மற்றவரின் எண் குறைவதால், முன்னிலைக்கான பிழை வரம்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. எனவே, முன்னிலை என்பது ஒரு கணிப்பில் மிகவும் நிலையற்ற எண். நான் அதைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெற்றிருக்கும் விழுக்காட்டைப் பார்க்கிறேன்.

2016இல் விஸ்கான்சினில் உள்ள மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி வெளியிட்ட இறுதிக் கணிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதில் கிளிண்டன் 46, டிரம்ப் 40. எல்லோரும் 6 புள்ளி முன்னிலை என்று படித்தார்கள். தேர்தல் முடிவில் கிளிண்டன் பெற்றது 46.5 விழுக்காடு, அவருடைய எண்ணில் கணிப்பு ஏறக்குறைய தவறவே இல்லை. டிரம்ப்தான் 40லிருந்து 47.2க்கு ஏறினார். அதாவது, இருவருக்கும் சேராத 14 விழுக்காடு அந்தக் கணிப்பிலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. மூன்றாம் கட்சி வேட்பாளர்களைச் சொன்னவர்களும் முடிவு செய்யாதவர்களும் அதில் அடக்கம். கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் பெருமளவில் டிரம்ப் பக்கம் சாய்ந்ததைப் பொதுக்கருத்து ஆய்வுக்கான அமெரிக்கச் சங்கத்தின் அறிக்கை பின்னர் உறுதி செய்தது. 2020இலும் இதே பல்கலைக்கழகத்தின் இறுதிக் கணிப்பில் பைடன் 48, டிரம்ப் 43. வாக்குகளை எண்ணியபோது 49.4, 48.8. முன்னிலையில் இருப்பவர் 50ஐத் தொடாதபோது, அவரது முன்னிலை எத்தனை புள்ளியாக இருந்தாலும் நான் அதை உறுதியானதாகக் கொள்வதில்லை.

இதற்காக, 50ஐத் தாண்டிய எண்ணெல்லாம் நம்பத்தக்கது என்றும் ஆகிவிடாது. 2020 அக்டோபர் இறுதியில் ஏபிசி நியூஸும் வாஷிங்டன் போஸ்டும் சேர்ந்து நடத்திய கணிப்பு விஸ்கான்சினில் பைடனுக்கு 57 விழுக்காடும் 17 புள்ளி முன்னிலையும் கொடுத்தது. பிழை வரம்பு என்பது தற்செயலாக மாதிரி (கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) மாறுவதால் வரும் பிழையை மட்டுமே அளக்கிறது. பதில் சொல்ல மறுப்பவர்கள் பதில் சொல்பவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்தால் அதை அந்த எண் காட்டாது. 2016இல் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் கணிப்புகளுக்கு அதிகமாகப் பதிலளித்தார்கள், கிளிண்டனையும் அதிகமாக ஆதரித்தார்கள். ஆனால் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கேற்ப மாதிரியைச் சரிசெய்யவில்லை.

சரிசெய்தாலும், எப்படிச் சரிசெய்வது என்பது கணிப்பாளரின் முடிவு. 2016இல் நியூயார்க் டைம்ஸ் ஃபுளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் பெற்ற பதில்களை அப்படியே வேறு நான்கு கணிப்பாளர் குழுக்களுக்கும் கொடுத்தது. தன்னுடையதையும் சேர்த்துக் கிடைத்த ஐந்து முடிவுகள், கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை என்பதிலிருந்து டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்பது வரை விரிந்து கிடந்தன. பதில்கள் ஒன்றே, யார் உண்மையில் வாக்களிக்க வருவார்கள் என்ற அனுமானமும், எந்தப் பிரிவினரின் பதிலுக்கு எவ்வளவு எடை தருவது என்ற முறையும்தான் மாறின. கணிப்பைப் பற்றி எழுதும் எவரும் இந்தச் சோதனையை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பல கணிப்புகளின் சராசரி இதற்கு ஓரளவு மருந்துதான். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் தவறினால் சராசரியும் அதே பக்கம் தவறும். அந்தத் தவறு மாநில எல்லையில் நின்றுவிடுவதும் இல்லை. 2016இல் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்தே ஜனநாயகக் கட்சியிடமிருந்து டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்குக் கைமாறின. மூன்று மாநிலங்களிலும் ஒருவர் முன்னிலையில் இருக்கிறார் என்பதை மூன்று தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது.

2024இல் மார்க்கெட்டின் இறுதிக் கணிப்பு ஹாரிஸுக்கு 50, டிரம்புக்கு 49 என்றது. முடிவில் டிரம்ப் 49.6, ஹாரிஸ் 48.7. வெற்றியாளரைத் தவறாகச் சொன்ன கணிப்பு என்று அதைத் தள்ளுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. இரண்டு எண்களுமே உண்மைக்கு ஒன்றரைப் புள்ளிக்குள் நின்றன. இழுபறியான போட்டி என்று அது சொன்னது, போட்டியும் அப்படியேதான் முடிந்தது.