வேலூர், லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்)

2025 மார்ச் 11
இரண்டாவது கீமோ முடிந்தது. காந்தி ரோடு லாட்ஜில் வாடகை ஸ்டவ்வில் கஞ்சி வைத்தேன். அப்பாவுக்கு ஒரு ஸ்பூன்கூட இறங்கவில்லை.

மார்ச் 13
அப்பாவின் உடம்புச் சூடு 98.8.

மார்ச் 16, ஞாயிறு
மொட்டைமாடியில் நின்றால் மலை தெரிகிறது. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். கோயிலுக்குச் சாமி 1981-லேயே வந்தாயிற்று. மலை இன்னும் மொட்டைதான். 121-ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதில் ஒப்பித்தபோது மலையிலிருந்தே ஒத்தாசை வரும் என்று நினைத்திருந்தேன். ஒத்தாசை கர்த்தரிடமிருந்து வரும் என்ற அடுத்த வசனம் இன்றுதான் உறைத்தது.

மார்ச் 19
ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். "விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கு, அதைச் சரிசெய்தா சுகம் தானா வரும்" என்றார் அவர். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பவுலின் சீடன் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு. பவுல் கடிந்துகொள்ளவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். அப்புறம் அவனுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்பதற்கு நடுவே, தன் உடன் ஊழியனைப் பற்றி ஒரு வரி: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." அவ்வளவுதான். இவருடைய உறுமாலைப் போட்டாலே வியாதி நீங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அந்தப் பவுல் துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. இத்தனை வருஷம் இந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

விடிந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ வாசிட்டி" என்றார்.

மார்ச் 22
அன்று போனில் பேசியவரை மன்னிக்க முடியவில்லை. கண்ணை மூடி ஜெபித்தால் அந்தக் குரல்தான் கேட்கிறது.

மார்ச் 31
எதிர் அறை வங்காளத்து அக்காவுக்குப் பெருநாள். கணவரோடு ரேடியேஷன் வரிசையில் நின்றுகொண்டே நோன்பு முழுவதும் வைத்தார். பாலில் செய்த சேமியா கொண்டுவந்தார். எங்களுக்குள் பொது மொழி கிடையாது. அப்பாவைக் காட்டி, இரு கைகளையும் ஏந்திக் காட்டினார். அழுதுவிட்டேன்.
அப்பா நான்கு ஸ்பூன் சாப்பிட்டார். நான்கு!

ஏப்ரல் 1
வெள்ளணு போதவில்லை. கீமோ ஒரு வாரம் தள்ளி.

ஏப்ரல் 8
மூன்றாவது. காத்திருக்கும்போது ஐடா ஸ்கடரை நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள். அந்த வீடுகளிலும் ஜெபித்திருப்பார்கள். அந்த இரவால்தான் அவர் டாக்டருக்குப் படித்து, 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு இந்த சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அப்பாவுக்கு இங்கே ஒரு கட்டில்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்குத் தனியாகப் போய்வந்தேன். கொண்டுவந்த ஓலையில் அப்பா சிலுவை மடித்தார். விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. இருபது நிமிஷம் ஆனது. நான் கை கொடுக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
99.6. 100.4-ஐத் தொட்டால் உடனே கேஷுவாலிட்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஊர் ஆலய ஆராதனையைப் போனில் கேட்டோம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற நான்காம் வார்த்தை வந்ததும் அப்பா சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

ஏப்ரல் 19, இரவு
99.9. பையில் பைல், சார்ஜர், வேதாகமம் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. வங்காளத்து அக்கா கூப்பிடாமலே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.
"விடிஞ்சா ஈஸ்டர்லா? எத்தன மணிக்கு எழுப்புவ?" என்றார் அப்பா.
நாலு மணிக்கு என்றேன்.