நிக்குமா தம்பி

போன ஐப்பசில நடந்தது. இன்னும் வாட்டர் பேப்பர, அதான் தண்ணி ஊத்தித் தேய்க்கற உப்புத்தாள, கையில எடுத்தா, மங்கிப்போன காரு ஹெட்லைட்டத் தேய்க்கச் சொல்லி வந்த ஒரு அய்யா கேட்டதுதான் மொதல்ல ஞாபகம் வருது. "இது நிக்குமா தம்பி?"

"நிக்குங்கய்யா"ன்னு சொல்லிட்டேன். எத்தன நாளைக்குன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. பொய்யான்னு கேட்டா பொய் இல்லீங்க, மூணு நாலு மாசம் நிக்கத்தான் செய்யும். ஆனா அவரு கேட்டது அத இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்.

பதினஞ்சு வருசமா தோட்டத்துல வெயில்லயே நின்ன காரு, ஹெட்லைட்டு ரெண்டும் கண்ணுல பூ விழுந்தாப்புல கெடந்துச்சு. அம்பாசடருக்கெல்லாம் நெஜக் கண்ணாடி, இந்த வம்பே இல்ல. இப்ப வர்றது பாலிகார்பனேட்டு, அதுமேல கம்பெனில மெல்லிசா ஒரு கோட்டு குடுத்திருப்பாங்க, வெயிலு மொதல்ல அதத்தான் திங்கும், பொறவு பிளாஸ்டிக்கே மஞ்சளாயிரும். 800 நம்பர் பேப்பர்ல தண்ணி ஊத்தித் தேய்க்கறப்ப மஞ்சத்தண்ணியா வடியும், வடியறது பால் கணக்கா வெள்ளையாச்சுன்னா பழைய கோட்டு போயிருச்சுன்னு அர்த்தம். அந்த நேரம் லைட்டப் பாத்தா பாத்ரூம் சன்னல் கண்ணாடியாட்ட இருக்கும், அய்யா கூட "என்ன தம்பி இருந்ததும் போச்சா"ன்னு பயந்துட்டாரு. 1500, 2000, 3000னு நைசு பேப்பரா ஏத்தி, காம்பவுண்டுங்கற பாலிஷ் பசைய வெச்சு பப்பிங் மெசின ஓட்டுனதும் பளிச்சுன்னு ஆயிருச்சு. அவரு வெரலால தடவித் தடவிப் பாத்தாரு.

அதோட வேல முடியல, அதுதான் விசயமே. பழைய கோட்ட நாமளே சொரண்டி எடுத்துட்டோம், இனி கிளியர் கோட்டு, அதான் நெறமில்லாத வார்னீசு, அடிக்காம உட்டா வெறும் பிளாஸ்டிக்கு நேரா வெயில்ல நிக்குது, முன்ன விட வெரசா மங்கும். அன்னிக்கு மழை, ஈரத்துல அடிச்சா கோட்டு வெளுத்துப்போகும். அதும்போக ரெண்டு லைட்டுக்காகப் புது டின்ன ஒடைச்சா மிச்சத்த வெச்சுப் பாதுகாக்கோணும், எறுகறதுக்கு ஊத்தற ஹார்டனர் கலந்தது எறுகிப்போயிரும், ஓனரண்ணன் திட்டுவாரு. அய்யாவுக்கும் விடியால வால்பாறைக்கு மக ஊட்டுக்குப் போகோணுமாம். எல்லாமே நெஜமான காரணந்தான். ஆனா "நாளன்னிக்கு வாங்கய்யா, ஒரு கோட்டு பாக்கியிருக்கு"ன்னு சொல்ல அர நிமிசம் ஆயிருக்குமா?

பங்குனில திரும்ப வந்தாரு. லைட்டு பழையபடி மஞ்சள். சண்டைக்கு வந்திருந்தாக்கூட மழையச் சொல்லி சமாளிச்சிருப்பேன். அவரு சிரிச்சுட்டே, "இன்னொருக்கா தேச்சு உடு கண்ணு. டயரு தேயுதல்ல, அதாட்டத்தான இதும்"ங்கறாரு. அப்பறம் பேச்சுவாக்குல, மாசில வால்பாறைல இருந்து வர்றப்ப மலமேல கவர்க்கல்ங்கற எடத்துல பனி மூடி ரோடே தெரியலன்னும், முன்னால போன பஸ்ஸோட பின்லைட்டப் புடிச்சுட்டே நாப்பது கொண்டை ஊசியும் எறங்கி ஆழியார் வந்து சேந்தேன்னும் சொன்னாரு. பனிக்குள்ள நல்ல லைட்டே எடுபடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனாலும் அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல.

இந்தத் தடவ ஆல்கஹால்ல நல்லாத் தொடச்சு, சுத்தியும் டேப்பு ஒட்டி, ரெண்டு கோட்டு கிளியர் அடிச்சேன். அவருகிட்ட சொல்லல. 800 ரூவா குடுத்தாரு, அதையும் வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னா ஏன்னு கேப்பாரு, கல்லால ஓனரண்ணன் வேற உக்காந்திருக்காரு. கோட்டுக்குத் தனியா 700, அதக் கேக்கல, அப்ப கணக்கு சரியாப்போச்சுன்னு வெச்சுக்கலாமா? சில நாளு சரின்னு தோணுது.

இப்பல்லாம் வர்றவங்ககிட்ட மொதல்லயே சொல்லிருவேன், கோட்டு இல்லாட்டி நாலு மாசந்தானுங்கன்னு. போன வாரம் ஒரு பையன் வந்தான், "விக்கற வண்டிண்ணா, பளபளன்னு இருந்தாப் போதும், கோட்டெல்லாம் வேண்டாம்"னான். வாங்கறவரு இவங்கிட்ட என்ன கேப்பாரு, இவன் என்ன சொல்லுவான்னு நெனச்சுட்டே பேப்பரத் தண்ணில ஊறப்போட்டேன்.