பயிற்சியாளருக்குக் குப்பி இல்லை

நீண்டதூர ஓட்டக்காரர்களிடமிருந்து ஊக்கமருந்துச் சோதனைக்கான சிறுநீரையும் ரத்தத்தையும் சேகரித்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி வைப்பது என் வேலை. இந்த வேலையில் இருப்பவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவர்களில் யார் யார் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள்? கேட்பவர்கள் நினைப்பதுபோல எனக்கு அது தெரியாது. குப்பியில் வீரரின் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். ஆய்வகத்தில் அதைத் திறப்பவருக்கும் அது யாருடையது என்று தெரியாது. நான் சேகரித்த ஒரு மாதிரி பின்னாளில் பெரும் செய்தியானாலும், அதை நானும் மற்றவர்களைப் போலச் செய்தித்தாளில்தான் படிப்பேன். ஆயினும் ஓட்டக்காரர்களையும் அவர்களுடைய பயிற்சியாளர்களையும் பார்வையாளர்கள் காணாத வேளைகளில் கண்டிருப்பதால், சந்தேகம் யார் மீது எளிதாக விழுகிறது, யாரைத் தொடாமலே போய்விடுகிறது என்பது பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

மாரத்தான் முடிந்த பிறகு மாதிரி எடுப்பது இந்த வேலையின் மிக நீளமான பகுதி. 42.195 கிலோமீட்டர் ஓடி முடித்தவரின் உடலில் நீர் வற்றிப்போயிருக்கும். எங்களுக்கோ குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். அவசரப்பட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், அதன் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.005க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது இன்னொரு மாதிரிக்காக மறுபடியும் காத்திருக்க வேண்டும். பதக்கம் வாங்கியவர் உறவினருடன் கொண்டாட வேண்டிய மாலைப்பொழுது, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மூடியிட்ட தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவே கழிந்துவிடுகிறது. இறுதியில் கழிப்பறைக்குப் போகும்போதும் தனிமை கிடையாது. அவருடைய பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர், உடை முழங்கையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் விலக்கப்பட்ட நிலையில், சிறுநீர் உடலிலிருந்து வெளியேறுவதை நேராகப் பார்த்தே ஆக வேண்டும். திரும்பி வந்த பிறகு வீரரே குப்பிப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே 'ஏ' குப்பியிலும் 'பி' குப்பியிலும் ஊற்றி, தானே மூடித் திருகுவார். அந்தக் குப்பிகளை 10 ஆண்டுகள் வரை வைத்திருந்து மறுபடியும் சோதிக்கலாம். இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாத ஒரு பொருளை 9 ஆண்டுகள் கழித்து வரும் கருவி கண்டுபிடித்துவிடலாம் என்பதை அறிந்தேதான் அவர் கையொப்பமிடுகிறார்.

இத்தனை நேரமும் பயிற்சியாளர் எங்கே இருப்பார்? வீரர் விரும்பினால் தன் பிரதிநிதியாக ஒருவரை அறைக்குள் அழைத்து வரலாம்; பெரும்பாலும் பயிற்சியாளரோ மேலாளரோ வருவார். கடந்த 7 நாட்களில் உட்கொண்ட மருந்துகளையும் சத்துப் பொருள்களையும் குறிப்பிடுமாறு படிவத்தில் ஒரு பகுதி உண்டு. அதைப் பற்றி நான் வீரரிடம் கேட்கும்போது, பதில் பயிற்சியாளரிடமிருந்து வருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாப்பிட்டவரோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் தவறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. மொழி தெரியாத நாட்டில், களைப்பில் கண் சொருகும் ஓர் இளம் வீரருக்காகப் பொறுப்பான பயிற்சியாளர் பேசுவது இயல்பே. ஆனால் கடைசியில் கையொப்பம் வீரருடையது. உடலில் எது இருந்தாலும் அது எப்படி வந்தது என்பதைக் கேட்பதற்கு முன்பே அவரே பொறுப்பு என்பதுதான் விதியின் அடிப்படை. அந்த மேசையில் பயிற்சியாளருக்கென்று குப்பி கிடையாது.

முகத்தைப் பார்த்து யாரையும் எடைபோடலாம் என்ற நம்பிக்கை இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கும். சில மாதங்களில் போய்விடும். கை நடுங்குகிறவர் பசியால் நடுங்கலாம். சிரித்துப் பேசி எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவர் எதையோ மறைக்கலாம், மறைக்காமலும் இருக்கலாம். ஆகவே மனிதரை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்பதே நல்லது என்று தோன்றும். அந்த எண்ணத்தின் விளைவுதான் 2009 முதல் நடைமுறையில் இருக்கும் உயிரியல் கடவுச்சீட்டு. ஒருவருடைய ரத்தத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்து, அவருடைய ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களும் அவருக்கே உரிய எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இ.பி.ஓ. என்ற ஹார்மோனை வெளியிலிருந்து செலுத்தினால் எலும்பு மஜ்ஜை வேகமாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். நிறுத்தியதும் உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் போட்டி நாளன்று ஹீமோகுளோபின் உயர்ந்தும் இளம் அணுக்கள் குறைந்தும் காணப்படும். மருந்தே தென்படாவிட்டாலும் மருந்து விட்டுச் சென்ற தடம் தென்படும் என்பதே இதன் கணக்கு.

அந்தக் கணக்கும் சந்தேகத்தை முழுவதும் தீர்ப்பதில்லை. மலைப்பகுதியில் சில வாரங்கள் பயிற்சி செய்தாலே ஹீமோகுளோபின் உயரும். நீர் வற்றிய உடலில் ரத்தம் கெட்டிப்படும். எனவேதான் ரத்தம் எடுப்பதற்கு முன் வீரரைப் 10 நிமிடம் அசையாமல் உட்கார வைக்கிறோம். அண்மையில் உயரமான இடத்தில் தங்கினாரா, ரத்தம் இழந்தாரா அல்லது ஏற்றிக்கொண்டாரா என்றெல்லாம் கேட்டு எழுதுகிறோம். இன்னொரு பக்கம், மிகச் சிறிய அளவில் இ.பி.ஓ.வை இரவில் நரம்பு வழியாக ஏற்றினால் அது சில மணி நேரங்களில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எந்த அளவு, எந்த வேளை, அடுத்த சோதனை வரக்கூடிய நேரம் எது என்று கணக்கிட, ஓடிக் களைத்துத் தூங்கும் ஒருவரால் தனியாக முடியாது. அவருக்குப் பின்னால் அட்டவணை போடத் தெரிந்த இன்னொருவர் இருக்க வேண்டும்.

போட்டி இல்லாத காலத்தில் நாங்கள் முன்னறிவிப்பின்றி வருவது இதற்காகத்தான். சோதனைக்கான பதிவுப் பட்டியலில் இருக்கும் வீரர் ஒவ்வொரு நாளும், காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அப்போது எங்கே இருப்பார் என்று சொல்ல வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால், மருந்து எதுவும் காணப்படாமலேயே அது விதிமீறலாகிவிடும். இந்த விதி கடுமையானதுதான். ஆனால் இல்லாமல் போவதற்கான விளக்கங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் என்ற முறையில் இதைத் தளர்த்த நான் ஒப்பமாட்டேன். மாரத்தானில் உலகச் சாதனை படைத்த வில்சன் கிப்சாங் 2020இல் நான்கு ஆண்டுத் தடை பெற்றது சோதனைக்குக் கிடைக்காததற்காகவும், நடந்ததைத் திரித்துச் சொன்னதற்காகவும். சாலை விபத்தால் தாமதமானது என்று அவர் தரப்பில் காட்டப்பட்ட படம், உண்மையில் வேறொரு நாளில் நடந்த விபத்தின் படம். ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங் 2017இல் இ.பி.ஓ. சோதனையில் சிக்கியபின், தன்னைக் காத்துக்கொள்ளக் காட்டிய மருத்துவ ஆவணங்கள் பொய்யானவை என்று தெரிந்ததால் அவருடைய நான்கு ஆண்டுத் தடை எட்டு ஆண்டுகளாயிற்று. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, அந்தத் தாளைத் தயாரிக்க யோசனை சொன்னவர் யார் என்பதே என் மனத்தில் முதலில் எழும் கேள்வி. தீர்ப்புகளில் அதற்குப் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

வேகத்தை வைத்துச் சந்தேகப்படுவது இன்னும் எளிது, இன்னும் வழுக்கலானது. 2024 அக்டோபரில் சிகாகோ மாரத்தானைக் கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் 2:09:56 மணி நேரத்தில் ஓடியபோது, பெண்களுக்கான முந்தைய சாதனை ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்னுக்குப் போயிற்று. போட்டிக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்பிலேயே ஊக்கமருந்து பற்றிய கேள்வி எழுந்தது. அதைக் கேட்டது மரியாதைக் குறைவு என்று பலர் கோபப்பட்டார்கள். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில், பிற மருந்துகளின் தடத்தை மறைக்க உதவக்கூடிய ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற சிறுநீர்ப் பெருக்கி கண்டறியப்பட்டு, அவர் மூன்று ஆண்டுத் தடை பெற்றார். அப்போதும் சிகாகோ சாதனை அழிக்கப்படவில்லை, ஏனெனில் அது அந்த மாதிரிக்கு முந்தியது. சந்தேகப்பட்டவர்கள் வென்றுவிட்டோம் என்றார்கள். சட்டப்படி பார்த்தால் சிகாகோவைப் பற்றி எதுவும் நிரூபணமாகவில்லை. இதற்கு நேர் எதிராக பிரிட்டனின் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபின் கதை இருக்கிறது. 2001இல் எட்மண்டன் உலகப் போட்டியில், இ.பி.ஓ. சோதனையில் சிக்கியும் நடைமுறைக் குறைபாட்டால் ஓட அனுமதிக்கப்பட்ட ரஷ்யாவின் ஓல்கா யெகொரோவாவுக்கு எதிராகப் பதாகை பிடித்தவர் அவர். 2015இல் ஓட்டக்காரர்களின் ரத்த அளவுகள் கசிந்தபோது அதே சந்தேகம் அவர் மீதே திரும்பியது. மலைப் பயிற்சியும், ஓடி முடித்த உடனே ரத்தம் எடுத்ததும் அந்த அளவுகளை விளக்கப் போதுமானவை என்று அதிகாரிகள் சொன்ன பிறகும் அது முற்றிலும் அவரை விடவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் காலணிகளின் அடிப்பகுதியே வேகத்தைக் கூட்டும்படி மாறிவிட்ட காலத்தில், கடிகாரத்தை மட்டும் பார்த்து ரத்தத்தை ஊகிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பயிற்சியாளர்களுக்கு வருவோம். 1993இல் மா ஜுன்ரென் பயிற்றுவித்த சீனப் பெண்கள் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் 1500, 3000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார்கள். அடுத்த மாதமே பெய்ஜிங்கில் வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29:31.78இல் ஓடினார். அந்த நேரம் 2016 வரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. ஆமை ரத்தமும் கடும் பயிற்சியுமே காரணம் என்று மா சொல்லிவந்தார். தங்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டதாக அவருடைய வீராங்கனைகள் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் பழைய கடிதம் ஒன்று 2016இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ரஷ்யாவில் தடகள அமைப்பே சேர்ந்து செய்தது. சிகாகோவிலும் லண்டனிலும் மாரத்தான் வென்ற லிலியா ஷோபுகோவா, தன் உயிரியல் கடவுச்சீட்டில் தெரிந்த முறைகேட்டை மறைக்கப் பெருந்தொகை கொடுத்த விவகாரத்தில், தேசிய அணியின் நீண்டதூர ஓட்டப் பயிற்சியாளர் அலெக்சேய் மெல்னிகோவ் 2016 ஜனவரியில் வாழ்நாள் தடை பெற்றார். அந்த அமைப்பை வெளியே கொண்டுவந்தது யூலியா ஸ்டெபனோவா என்ற 800 மீட்டர் ஓட்டக்காரரும் அவருடைய கணவரும் பதிவுசெய்த உரையாடல்களே. ஆய்வகம் காட்டாததை ஒரு கைபேசி காட்டியது.

அல்பெர்டோ சலசாரின் வழக்கு எனக்கு இன்னும் அதிகம் கற்றுக்கொடுத்தது. நியூயார்க் மாரத்தானை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். நைக்கி காலணி நிறுவனம் நடத்திவந்த நைக்கி ஓரிகான் திட்டம் என்ற ஓட்டப் பயிற்சிக் குழுவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஒலிம்பிக் பதக்கம் வென்ற மோ ஃபாராவும் கேலன் ரப்பும் அவரிடம் பயின்றவர்கள். 2019இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு எந்த வீரரின் குப்பியிலிருந்தும் பிறக்கவில்லை. எல்-கார்னிட்டைன் என்ற, தடைப் பட்டியலில் இல்லாத பொருளை, நரம்பில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்காக ஏற்றியது, அதுவும் துணைப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஏற்றியது. எவ்வளவு தடவினால் சோதனையில் தெரியும் என்று அறிய டெஸ்டோஸ்டிரோன் என்ற தடைசெய்யப்பட்ட ஹார்மோன் களிம்பைத் தன் மகன்கள் மீது தடவிப் பார்த்தது. விசாரணைக்குத் தேவையான தகவலில் தலையிட்டது. இவையே குற்றங்கள். மின்னஞ்சல்களும், உள்ளே இருந்தவர்களின் வாக்குமூலங்களும், மருத்துவப் பதிவேடுகளும்தான் ஆதாரம். அவரிடம் பயின்ற வீரர்கள் மீது அந்த வழக்கில் குற்றச்சாட்டே இல்லை. ஆனால் தெருவில் போகும் எவரைக் கேட்டாலும் சந்தேகம் என்று ஃபாராவின் பெயரைத்தான் சொல்வார்; பயிற்சியாளரின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. எனக்கு இதில்தான் வருத்தம்.

2015இல் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு விதித்தொகுப்பில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: தடை பெற்ற பயிற்சியாளரோடு வீரர் தொழில்முறையில் சேர்ந்திருந்தால் அதுவே விதிமீறல். நல்ல விதிதான். ஆனால் அதிலும் சுமை வீரர் தோளில்தான் இறங்குகிறது. பத்தொன்பது வயதில் தன்னை மைதானத்துக்குக் கொண்டுவந்த மனிதரை விட்டு விலகும்படி வீரரிடம்தான் சொல்கிறார்கள். அந்த மனிதர் வெளியேறியதாகக் காகிதத்தில் இருக்கும். விடுதியின் வரவேற்பறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பதும் உண்டு.

ஆகவே அறிக்கையோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் குறிப்புத் தாளை நான் வெறுமையாக விடுவதில்லை. கதவைத் திறந்தவர் யார், வீரர் வெளியே வர எத்தனை நிமிடம் ஆயிற்று, அதற்குள் யாருக்குத் தொலைபேசியில் பேசினார்கள், மருந்துப் பட்டியலைச் சொன்னவர் யார், அறையில் இருந்தவர் தன்னை என்னவென்று அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பவற்றை எழுதுகிறேன். என் கருத்தை எழுதுவதில்லை. தனியாக எடுத்தால் இவற்றில் எதுவும் எதையும் நிரூபிக்காது. வேறு மாதத்தில், வேறு நாட்டில், வேறொரு வீரரின் கதவைத் தட்டிய இன்னொரு அலுவலரின் தாளிலும் அதே பெயர் இருந்தால், புலனாய்வுப் பிரிவில் இருப்பவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். அப்படிப் படிக்கப்பட்டதா என்று எனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். சோதனை முடிவுகளைப் போலவே அதுவும் என் மேசைக்குத் திரும்பி வருவதில்லை.